ராகுகாலத்தில் ஒரு ராஜ வாழ்த்து

தென்னவர் சங்கத்தில் தலைவர் வாழ்த்து தொடங்கினால் பரமசிவம் டீ குடிக்கப் போய்விடுவார். முப்பது வருஷமாக இதுதான் வழக்கம். மேடையில் ஆர்மோனியம் முதல் மூச்சை இழுக்கும். நாற்காலிகள் கரகரவென்று பின்னுக்கு நகரும். கல்கத்தாவின் லேக் கார்டன்ஸ் தமிழ்ச் சமூகம் மொத்தமும் வேட்டியையும் முழங்காலையும் சரிசெய்துகொண்டு எழுந்து நிற்கும். அந்தச் சந்தடியில் ஒருவர் மட்டும் பக்கவாட்டுக் கதவைத் திறந்துகொண்டு மாடிப்படி இறங்குவார். கீழே தெருவோர டீக்கடைக்காரருக்கு அதுதான் கடிகாரம். மேலே பாட்டு கேட்டதும் மண் குவளையை எடுத்து ஊதித் தூசி தட்டுவார். பரமசிவம் கடைசிப் படியில் கால் வைக்கும்போது டீ தயாராக இருக்கும்.

பாட்டு நான்கே வரி. ‘கடலேழும் ஒருகுடைக்கீழ்க் கொண்ட கோவே’ என்று தொடங்கும். மூன்றாவது வரியில் தலைவரின் பெயருக்கு ஓர் இடம் காலியாக இருக்கும். வங்கி மேனேஜர், சணல் கம்பெனி அதிகாரி, வருமான வரிக்காரர் என்று யார் யாரோ அந்த இடத்தில் வந்து உட்கார்ந்து எழுந்து போயிருக்கிறார்கள். டாக்குரியாவில் இரண்டு அறை ஃபிளாட்டும் ஒரு பழைய ஸ்கூட்டரும் வைத்திருந்த மனிதரைப் பார்த்து, கடலேழும் உன் குடைக்கீழ் என்று ஐம்பது பேர் நின்றுகொண்டு பாடியிருக்கிறார்கள். அவரும் அது நியாயம்தானே என்பதுபோல் தலையாட்டியிருக்கிறார். கடல் எங்கே, குடை எங்கே, இது யாருக்காகக் கட்டிய பாட்டு என்று நூறு வருஷத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டவர் பரமசிவம் ஒருவர்தான். கேட்ட பாவத்துக்கு இருபது வருஷம் ஓடிவிட்டது.

இன்ஷூரன்ஸ் ஆபீசில் செத்தவர்களின் பாலிசியைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அவர். சனிக்கிழமைகளில் நூலகத்துக்குப் போய் செத்த ராஜாக்களின் பாட்டைப் பார்த்தார். ஓய்வு பெற்ற பிறகு எல்லாக் கிழமையும் சனிக்கிழமை ஆயிற்று. இப்படியாக, சக்கரவர்த்திகளுக்கு வாழ்த்துப் பாட்டுக் கட்டியவர்களின் வரலாறு முந்நூற்று இருபது பக்கத்துக்கு வளர்ந்தது. ‘எழுந்து நிற்பவர்கள்’ என்று பெயர் வைத்தார்.

அதில் துருக்கிச் சுல்தான்கள் வருவார்கள். ஒவ்வொரு சுல்தானுக்கும் சொந்தமாக ஒரு அணிவகுப்பு இசை. கட்டிக்கொடுக்க இத்தாலியிலிருந்து வந்த பேண்டு மாஸ்டர். சுல்தான் போனால் அவர் பாட்டும் பெட்டிக்குள் போகும். அடுத்தவருக்குப் புதுத் துணி தைப்பதுபோல் புதுப் பாட்டு. வியன்னாவின் அரசர்கள் சிக்கனக்காரர்கள். மெட்டை வைத்துக்கொண்டு ஆளுக்குத் தகுந்தபடி வார்த்தையை மட்டும் மாற்றினார்கள். ரஷ்ய ஜாருக்குப் பல வருஷம் இங்கிலாந்து ராஜாவின் மெட்டையே இரவல் வாங்கிப் பாடினார்கள். ஒரு ஜாருக்கு அது சலித்துப்போய், நமக்கென்று ஒன்று வேண்டும் என்றார். கட்டியவருக்கு வைரம் பதித்த பொடி டப்பா கிடைத்தது. இங்கிலாந்து அரச வாழ்த்தை இந்திய பாஷைகளில் பெயர்த்து, நம்மவர்கள் தாய்மொழியிலேயே பணிந்து நிற்க வழிசெய்ய லண்டனில் ஒரு கமிட்டியே இருந்தது.

புத்தகத்தின் கடைசியில் ஒரு பட்டியல். அதுதான் பரமசிவத்தின் செல்லம். நான்கு பத்தி: பாட்டுக் கட்டியவர், கட்டப்பட்ட ராஜா, கிடைத்த பரிசு, ராஜா கேட்டாரா. கடைசிப் பத்தியில் ‘இல்லை’ என்று எழுதும்போதெல்லாம் அவருக்கு ஒரு கரண்டி பாயசம் சாப்பிட்ட திருப்தி.

“இத்தன பேரு ராசாவுக்குப் பாட்டுக் கட்டி ஒரு பொடி டப்பாவாவது வாங்கியிருக்கான்” என்றாள் அவர் மனைவி அன்னபூரணி, ஒரு நாள் கையெழுத்துப் பிரதியைத் தூசி தட்டிக்கொண்டே. “அவங்களத் திட்டி எழுதி நீங்க என்னத்த வாங்குனீக?”

வாங்கியது இரண்டு பார்சல். சென்னையில் ஒரு பதிப்பாளர், இதை யார் சார் படிப்பாங்க என்று கேட்டுத் திருப்பி அனுப்பினார். இன்னொருவர் எதுவுமே கேட்காமல் இரண்டு வருஷம் கழித்துத் திருப்பினார்; பரமசிவம் போட்ட முடிச்சு அப்படியே இருந்தது. கடைசியில் தென்னவர் சங்கமே வெளியிடுவது என்று பழைய தலைவர் காலத்தில் தீர்மானம் போட்டார்கள். கூட்டம் முடிய நேரமாகி, எல்லோருக்கும் பசி வந்திருந்தபோது போட்ட தீர்மானம் அது; அதனால்தான் ஏகமனதாக நிறைவேறியது. பரமசிவத்துக்கு அறுபத்து நான்கு வயது. பிள்ளைகள் இல்லை. சாகும்போது அவர் பெயர் போட்டு உலகத்தில் மிஞ்சப்போவது அந்தப் புத்தகம் ஒன்றுதான்; அதிலும் அவருக்கு உயிர் ஏழாம் அத்தியாயம். மற்ற அத்தியாயங்கள் எல்லாம் அடுத்தவர் வெட்டிய கிணற்றில் இறைத்த தண்ணீர். ஏழாவது அவரே வெட்டியது.

சங்கத்து நூலகத்தில் ஒரு இரும்பு பீரோ. அதற்குள் பழைய தீபாவளி மலர்களுக்கு அடியில் கறுப்பு அட்டை போட்ட ஒரு நோட்டு இருந்தது. சங்கத்தின் ஸ்தாபகர், அதாவது மண்டபத்தில் தலைப்பாகையும் மாலையுமாகப் படத்தில் தொங்கிக்கொண்டிருப்பவர், தன் கைப்பட எழுதியது. கப்பல் கம்பெனி குமாஸ்தா அவர். 1911 கடைசியில் சக்கரவர்த்தி கல்கத்தாவுக்கு வருகிறார் என்று செய்தி வந்ததும், ஊரில் இருந்த தமிழ்க் குமாஸ்தாக்கள் இருபத்திரண்டு பேரைச் சேர்த்துக்கொண்டு ஒரு வாழ்த்துப் பாட்டுக் கட்டினார். தினமும் ஆபீஸ் விட்டதும் ஒத்திகை. வாடகைக்கு ஒரு ஆர்மோனியம், பெரிய ஜமக்காளம் ஒன்று. ஊர்வலம் போகும் பாதையில் நிற்க இடமும் கிடைத்தது. ஜனவரியில் ஒரு செவ்வாய்க்கிழமை. மத்தியானத்திலிருந்து தலைப்பாகையோடு நின்றார்கள்.

செவ்வாய்க்கிழமை மூன்று முதல் நாலரை வரை ராகுகாலம். கும்பகோணத்துப் பஞ்சாங்கம் அப்படித்தான் சொன்னது. சக்கரவர்த்திக்கு முதன்முதலாக ஒரு மங்கள வாழ்த்து, அதை ராகுகாலத்தில் ஆரம்பிப்பதா? நாலே காலுக்குக் குதிரைகள் வந்தன, வண்டி வந்தது, வண்டிக்குள் வெள்ளையாக ஏதோ தெரிந்தது, போய்விட்டது. இருபத்திரண்டு பேரும் வாயை இறுக மூடிக்கொண்டு நின்றார்கள். நாலரை அடித்ததும் ஸ்தாபகர் கையை அசைத்தார். நான்கு வரியையும் ஒரு சுருதி பிசகாமல் பாடி முடித்தார்கள். ‘புழுதி அடங்கத் தண்ணீர் தெளிக்க வந்த பிஷ்டி ஒருவன், தோல்பையோடு நின்று முழுவதும் கேட்டான்’ என்று நோட்டில் எழுதியிருந்தது. ஆர்மோனியத்தையும் ஜமக்காளத்தையும் திருப்பிக் கொடுக்க மனம் வராமல், அடுத்த வாரம் ஒரு சங்கம் ஆரம்பித்தார்கள்.

இதோடு விட்டிருந்தாலாவது பரவாயில்லை. பரமசிவம் விடவில்லை. ராகுகாலம் என்பது பகலை எட்டாகப் பங்கு போட்டதில் ஒரு பங்கு; சூரியன் எப்போது உதித்து எப்போது மறைகிறதோ அதைப் பொறுத்தது; காலண்டரில் இருக்கும் நேரம், ஆறு மணிக்கு உதித்து ஆறு மணிக்கு மறையும் ஊருக்கு. ஜனவரியில் கல்கத்தாவின் பகல் குட்டைப் பகல். கணக்குப் போட்டுப் பார்த்தால் அன்றைய ராகுகாலம் நாலு பத்துக்குள்ளேயே முடிந்திருந்தது. ராகு எழுந்து போன பிறகுதான் ராஜா வந்தார். தமிழர்கள்தான் இல்லாத ராகுவுக்குப் பயந்து நின்றார்கள். இதை எழுதி முடித்த அன்று பரமசிவம் டாக்குரியா ஸ்டேஷன் வரை தனியாக நடந்துபோய், தனியாகச் சிரித்துவிட்டு வந்தார்.

புதிய தலைவராக வெங்கடநாராயணன் தேர்ந்தெடுக்கப்பட்டது நவம்பரில். தேயிலைக் கம்பெனியில் டைரக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். முப்பது வருஷம் தேயிலையை மோந்து பார்த்தே பழகியதாலோ என்னவோ, மனிதர்களையும் மூக்கைச் சற்றுத் தூக்கியே பார்ப்பார். உபதலைவராக இருந்தபோது மண்டபத்துக்கு நான்கு ஏ.சி. போட்டுக்கொடுத்தார், ஒவ்வொன்றின் நெற்றியிலும் அவர் பெயர் ஒட்டியிருக்கும். ஒரு காலையில் சங்கத்தின் செயலாளர் ஜெய்ராம் போன் செய்து, தலைவர் புத்தக விஷயமாகப் பார்க்க விரும்புகிறார் என்று சொன்னார். பரமசிவம் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார்.

மேஜைமேல் கையெழுத்துப் பிரதி இருந்தது. முடிச்சு அவிழ்ந்திருந்தது. அதைப் பார்த்ததுமே பரமசிவத்துக்குத் தெரிந்துவிட்டது, படித்திருக்கிறார்.

“ஏழாவது சாப்டர் படிச்சேன்” என்றார் வெங்கடநாராயணன். “ரொம்ப நன்னா எழுதியிருக்கேள். அது வேண்டாம்.”

பரமசிவம் ஏன் என்று கேட்டார். கேட்ட குரல் தனக்கே சிறியதாகத் தோன்றியது.

“ஸ்தாபகர் எங்கம்மாவுக்குத் தாத்தா. தமிழ் வளர்க்கறதுக்காக சங்கம் ஆரம்பிச்சார்னு கீழே கல்லுல வெட்டி வச்சிருக்கு. நீங்க என்னடான்னா, ஆர்மோனியத்தைத் திருப்பிக் குடுக்க மனசு வராம ஆரம்பிச்சார்ங்கறேள்.”

“நான் சொல்லலை சார். அவரே எழுதி வச்சிருக்கார்.”

“பெரியவா ஏதாவது எழுதுவா. அதை எல்லாமா நாம படிக்கணும்?”

ஜெய்ராம் பக்கத்தில் உட்கார்ந்து, இரண்டு பேருக்கும் சம்மதம் என்கிற மாதிரி மாறி மாறித் தலையாட்டிக்கொண்டிருந்தார். நல்ல செயலாளர். நான்கு தலைவர்களைப் பார்த்துவிட்டார்; கழுத்து மட்டும் தேய்ந்ததே தவிர வேறொன்றும் ஆகவில்லை. அவர்தான் அடுத்த விஷயத்தை மெல்ல எடுத்தார். தலைவரின் பெயர் நீளம். ஒத்திகையில் பாடிப் பார்த்தார்களாம். ‘வெங்கட’ வரும்போதே மெட்டு முடிந்துவிடுகிறது. ‘நாராயணன்’ பஸ்ஸைத் தவறவிட்டவன் மாதிரி பின்னாலேயே ஓடி வருகிறாராம். ஆகவே தலைவருக்கென்று புதிதாக ஒரு பாட்டு வேண்டும். டிசம்பரில் பதவியேற்பு விழா. அன்றைக்கே புத்தக வெளியீட்டையும் வைத்துக்கொள்ளலாம்.

“நீங்களே எழுதிடுங்கோ” என்றார் வெங்கடநாராயணன்.

“சார், நான் இந்த மாதிரிப் பாட்டு எழுதினவங்களைப் பத்தி எழுதறவன்.”

“அதனாலதானே கேக்கறேன். லோகத்துல இருக்கற ராஜ வாழ்த்தையெல்லாம் படிச்சவர் நீங்க ஒருத்தர்தான். சமையல் புஸ்தகம் எழுதினவாளுக்கு ஒரு ரசம் வைக்கத் தெரியாதா?”

அதற்குப் பதில் இருந்தது. முந்நூற்று இருபது பக்கத்துக்குப் பதில் இருந்தது. அது மேஜைமேல், அவர் கைக்கு எட்டும் தூரத்தில்தான் இருந்தது. எடுத்துக்கொண்டு எழுந்து வந்திருக்கலாம். யோசித்துச் சொல்கிறேன் என்று சொல்லிவிட்டு வெறுங்கையோடு வந்தார்.

அன்னபூரணி பட்டாணி உரித்துக்கொண்டிருந்தாள். நடந்ததை எல்லாம் கேட்டாள். கேட்டு முடித்து, ஒரு சொத்தைப் பட்டாணியைப் பொறுக்கித் தூர வைத்தாள்.

“அத்தியாயத்த எடுக்கச் சொல்லுதான். பாட்டும் எழுதச் சொல்லுதான். நீங்க என்ன சொன்னீக?”

“யோசிச்சுச் சொல்லுதேன்னேன்.”

“அப்ப எழுதிருவீக.”

அவளிடம் கோபித்துக்கொண்டு பரமசிவம் உள்ளே போனார். எழுதமாட்டேன் என்று ஒரு கடிதம் எழுத உட்கார்ந்தார். ‘மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கு’ என்பது வரைக்கும் நன்றாக வந்தது. அதற்கு மேல் பேனா நகரவில்லை. புத்தகம் வராது. தீர்மானம் காகிதத்தில் இருக்கும், காகிதம் பீரோவில் இருக்கும். இன்னும் நூறு வருஷம் கழித்து எவனாவது ஒருத்தன் தீபாவளி மலர்களுக்கு அடியில் தன் பிரதியைக் கண்டெடுத்து, தனியாகச் சிரித்துவிட்டுப் போவான்.

சரி, கேலியாக ஒரு வரி எழுதிப் பார்ப்போம் என்று எழுதினார்.

கோடையை வாசலில் நிறுத்திய கொற்றவா.

நான்கு ஏ.சி.க்கு இது போதும் என்று நினைத்தார். வாய்விட்டுப் படித்தார். சிரிப்பு வரும் என்று பார்த்தார், வரவில்லை. வரி நன்றாக இருந்தது. ‘நிறுத்திய’ என்பதை ‘நிற்கவைத்த’ என்று மாற்றினார். இன்னும் நன்றாக இருந்தது. இரண்டாவது வரி அவரைக் கேட்காமலே வந்தது: வாடையை அவைக்குள் வரவழைத்த வள்ளலே. கோடைக்கு வாடை. எதுகை கதவைத் தட்டாமல் வந்து உட்கார்ந்துகொண்டது. பல ராஜாக்களுக்குப் பலர் கட்டிய பாட்டெல்லாம் இருபது வருஷமாக அவர் தலைக்குள் குடியிருந்தவை. வாடகை கேட்க இப்போதுதான் யாரோ வந்த மாதிரி, எல்லாம் வரிசையில் நின்று ஆளுக்கொரு சொல்லைக் கொடுத்தன. எங்கே மெட்டு ஏறினால் கூட்டம் தானாக நிமிரும், எங்கே பெயரை வைத்தால் சொந்தக்காரருக்குத் தொண்டை அடைக்கும், எல்லாம் அவருக்குத் தெரிந்திருந்தது. தெரியாமல் எப்படி இருக்கும்? ஐந்தாம் அத்தியாயம் முழுக்க அதுதானே.

சாப்பிடக் கூப்பிட்டபோது பன்னிரண்டு வரி முடிந்திருந்தது. பரமசிவம் இரண்டு தடவை ரசம் போட்டுக்கொண்டார். வாழ்க்கையில் எந்த அத்தியாயமும் இவ்வளவு சுலபமாக வந்ததில்லை என்று நினைத்தபோது மட்டும் ரசத்தில் உப்புக் கூடுதலாகத் தெரிந்தது.

ஏழாம் அத்தியாயத்தை எடுத்துவிடச் சம்மதம் என்று ஜெய்ராமுக்கு ஒரு குறுஞ்செய்தி அனுப்பினார். கூடவே, பாட்டு தயார் என்றும். ஜெய்ராம் கூப்பிய கை படம் ஒன்றைத் திருப்பி அனுப்பினார்.

ஒத்திகைக்குப் போகவேண்டிய அவசியம் அவருக்கு இல்லை. ஐந்து நாளும் போனார். பாடுகிறவர்கள் எட்டுப் பேர்; நடத்துகிறவள் வைஷாலி. சால்ட் லேக்கில் ஒரு கணினிக் கம்பெனியில் வேலை. நாலாவது தலைமுறைக் கல்கத்தாக்காரி. தமிழ் பேசுவாள், படிக்க வராது. பாட்டை வங்காள எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு பாடினாள். அர்த்தம் முழுசாகத் தெரிந்ததோ என்னவோ, எட்டாவது வரி வந்தபோது நிறுத்திவிட்டுக் கையை நீட்டிக் காட்டினாள்.

“காக்கு, இங்க பாருங்க, காயே காண்டா திச்சே. நெஜமா. மயிர் எல்லாம் நிக்குது.”

பரமசிவம் பார்த்தார். நின்றது. மூன்றாம் வரியில் அவசரப்படவேண்டாம், பெயருக்கு முன்னால் ஒரு மூச்சு இடைவெளி விடுங்கள், தலைவர் அந்த இடத்தில்தான் நிமிர்ந்து பார்ப்பார் என்று சொல்லிக்கொடுத்தார். சொல்லிவிட்டுத் தன் வாயைத் தானே தொட்டுப் பார்த்துக்கொண்டார், அது வேறு யாருடைய வாயோ என்கிற மாதிரி.

விழா, டிசம்பரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி. ஜெய்ராம் எல்லாவற்றையும் யோசித்திருந்தார். மாலை, சால்வை, கல்கத்தாவின் இனிப்பு, தமிழ்நாட்டின் காரம், மேடையில் பட்டுத் துணி போர்த்திய சிம்மாசனம் மாதிரி ஒரு நாற்காலி. யோசிக்காதது ஒன்றுதான். தலைவரின் கார் நாலே முக்காலுக்கு வந்து சங்கத்து வாசலில் நின்றது, கதவு திறக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை நாலரை முதல் ஆறு வரை ராகுகாலம். சென்னையிலிருந்து வரவழைத்த தினசரிக் காலண்டரைப் பார்க்காமல் வெங்கடநாராயணன் தலைமுடி வெட்டிக்கொள்வதில்லை, பதவி ஏற்பாரா? ஆறு மணிக்குத்தான் இறங்குவேன், நீங்கள் ஆரம்பிக்க வேண்டாம் என்று கண்ணாடியை ஒரு விரற்கடை இறக்கிச் சொல்லிவிட்டு ஏற்றிக்கொண்டார்.

தபலாக்காரருக்கு ஆறு மணிக்கு ஜாதவ்பூரில் இன்னொரு கச்சேரி. ஐந்தரைக்கு மேல் ஒரு நிமிஷம் இருக்கமுடியாது என்றார். தபலா இல்லாமல் எட்டாவது வரி எழும்பாது என்றாள் வைஷாலி. ஜெய்ராம் மாடிக்கும் தெருவுக்குமாக நாலு தடவை ஏறி இறங்கினார். ஐந்தாவது தடவை மூச்சு வாங்கிக்கொண்டு, பாட்டை மட்டும் முதலில் பாடிவிடலாம், வீடியோ எடுத்துக்கொள்ளலாம், தலைவருக்கு அப்புறம் போட்டுக் காட்டலாம் என்று தீர்ப்புச் சொன்னார். கூட்டத்துக்குப் பசி வந்திருந்தது; ஏகமனதாக நிறைவேறியது.

பரமசிவம் எழுந்தார். வேண்டாம், ஒரு நிமிஷம் பொறுங்கள் என்று சொல்லிவிட்டுப் படி இறங்கினார். இந்த வயதில் அந்தப் படியை அவ்வளவு வேகமாக இறங்கியிருக்கக் கூடாது. வெளியே நன்றாக இருட்டியிருந்தது. தெருவிளக்கு எரிந்தது. டிசம்பரில் கல்கத்தாவில் சூரியன் ஐந்து மணிக்கு முன்பே கடையைக் கட்டிவிடும். அவர் காரின் கண்ணாடியைத் தட்டினார். கண்ணாடி இறங்கியது, உள்ளேயிருந்து குளிர்ந்த காற்றும் வெங்கடநாராயணனின் மூக்கும் வந்தன.

“சார், ராகுகாலம் முடிஞ்சுடுச்சு.”

“மணி அஞ்சு இருபதுதானே ஆறது?”

“ஆறு மணிங்கறது காலண்டர்ல சார். இந்த ஊர்ல சூரியன் அஸ்தமிச்சாச்சு. பகலே முடிஞ்ச பிறகு பகலோட எட்டாவது பங்கு எப்படி மிச்சம் இருக்கும்? நாலு அம்பத்து மூணுக்கே முடிஞ்சுடுச்சு. நான் கணக்குப் போட்டுப் பார்த்திருக்கேன். வானத்தைப் பாருங்க, நட்சத்திரம் தெரியுது. பாடப் போறாங்க சார். நீங்க வந்து கேக்கணும்.”

தான் கெஞ்சுகிறோம் என்பது கடைசி வார்த்தை வாயை விட்டுப் போன பிறகுதான் அவருக்குத் தெரிந்தது.

வெங்கடநாராயணன் வானத்தைப் பார்க்கவில்லை. கையில் கட்டியிருந்த கடிகாரத்தைப் பார்த்தார். பிறகு, குழந்தைக்குச் சொல்கிற மாதிரி மெதுவாகச் சொன்னார்.

“இந்தக் கணக்கெல்லாம் ஏழாவது சாப்டர்ல வர்றதில்லையோ? அதைத்தான் எடுத்துட்டோமே, பரமசிவம்.”

கண்ணாடி ஏறியது.

அதே நேரத்தில் மாடியில் ஆர்மோனியம் மூச்சை இழுத்தது. நாற்காலிகள் கரகரவென்று நகர்ந்தன. எட்டுக் குரலும் ஒன்றாகக் கிளம்பி, ஜன்னல் வழியாகத் தெருவுக்கு இறங்கின: கோடையை வாசலில் நிற்கவைத்த கொற்றவா. கொற்றவன் வாசலில்தான் இருந்தார். ஏற்றிய கண்ணாடிக்குப் பின்னால், கைப்பேசியின் வெளிச்சம் முகத்தில் பட, எதையோ விரலால் தள்ளித் தள்ளிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

டீக்கடைக்காரர் பாட்டைக் கேட்டார். பழக்கத்தில் மண் குவளையை ஊதித் தட்டினார், ஊற்றினார், கொண்டுவந்து பரமசிவத்தின் கையில் வைத்தார்.

“தாதா, கான் பத்லேசே?” என்றார். பாட்டு மாறிவிட்டதா என்று கேட்டார்.

குவளை விரலைச் சுட்டது. மேலே மூன்றாவது வரி வந்தது. பெயருக்கு முன்னால் அவர் சொல்லிக்கொடுத்த மூச்சு இடைவெளியை வைஷாலி சரியாக விட்டாள். அந்த இடைவெளியில் பரமசிவத்தின் முதுகு, யாரும் கட்டளையிடாமல், நிமிர்ந்தது. குதிகால்கள் இரண்டும் தாமாகவே ஒன்று சேர்ந்தன. முப்பது வருஷமாக எழுந்து நிற்காத மனிதர், மூடிய காருக்குப் பக்கத்தில், சாக்கடை ஓரத்தில், சூடான டீயைக் கையில் பிடித்துக்கொண்டு பன்னிரண்டு வரியும் நின்றார். எட்டாவது வரியில் அவர் கையிலும் மயிர் நின்றது. குடிக்கவில்லை. டீக்கடைக்காரர் மட்டும் தலையை ஒருபக்கம் சாய்த்து, ஒரு சொல்லும் புரியாமல், முழுவதும் கேட்டார். “பேஷ் பாலோ” என்றார் முடிந்ததும். ரொம்ப நன்றாக இருக்கிறதாம்.

ஆறு மணிக்கு மேல் ஒரு நிமிஷத்தில் வெங்கடநாராயணன் இறங்கினார். மாலை போட்டார்கள். பாட்டு ஆச்சா, வீடியோ அனுப்பிடுங்கோ என்று ஜெய்ராமிடம் சொல்லிக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தார். பேசினார். தமிழ் வளர்ப்பதற்காகவே சங்கத்தை ஆரம்பித்த மகானைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினார். நடுவில் புத்தகத்தின் வண்ணக் காகிதத்தைப் பிரித்து, தலைகீழாகப் பிடித்துக்கொண்டு படம் எடுத்துக்கொண்டார். பரமசிவத்துக்கும் ஒரு சால்வை உண்டு. அதை வாங்கிக்கொண்டு வந்து தன் இடத்தில் உட்கார்ந்தார். அன்னபூரணி சால்வையின் ஓரத்தை இரு விரலால் தேய்த்துப் பார்த்தாள்.

“பொடி டப்பா இல்லையா?” என்று மட்டும் கேட்டாள்.

மறுநாள் காலையில் பரமசிவம் தன் பிரதியைத் திறந்தார். ஏழாம் அத்தியாயத்தை எடுத்தவர்கள் எண்ணை மாற்றவில்லை. ஆறுக்குப் பிறகு எட்டு வந்தது. நடுவில் தலைவரின் வாழ்த்துரையும் முழுப்பக்கப் படமும் இருந்தன. நேற்று நூற்றுப் பத்துப் பேர் வாங்கிப் போனார்கள். ஒருவரும் போன் செய்து ஏழு எங்கே என்று கேட்கவில்லை. பக்கங்களைப் புரட்டிக்கொண்டே கடைசிப் பட்டியலுக்கு வந்தார். அங்கே ஒரு சிறிய அதிசயம் காத்திருந்தது. பட்டியலை வெட்ட மறந்துவிட்டார்கள். கடைசி வரிசையில் ஸ்தாபகர் பத்திரமாக இருந்தார்: கப்பல் கம்பெனி குமாஸ்தா, கல்கத்தா. கட்டப்பட்ட ராஜா: சக்கரவர்த்தி, 1912. கிடைத்த பரிசு: ஒன்றுமில்லை. ராஜா கேட்டாரா: இல்லை; ராகுகாலம்.

பரமசிவம் அதைப் பலதடவை படித்தார். அதற்குக் கீழே இரண்டு விரல் அகலம் வெள்ளையாக இருந்தது. பேனாவைத் திறந்தார். மூடினார். மேஜை இழுப்பறையில் தேடி ஒரு பென்சிலை எடுத்தார். முதல் பத்தியில் தன் பெயரையும், ஓய்வு பெற்ற இன்ஷூரன்ஸ் ஊழியர், டாக்குரியா என்பதையும் எழுதினார். இரண்டாவதில் வெங்கடநாராயணன், பத்திக்குள் அடங்கவில்லை, கோட்டைத் தாண்டியது. மூன்றாவதில் சால்வை என்றும், புத்தகம் என்றும், பிறகு அடைப்புக்குறிக்குள் ஒரு அத்தியாயம் குறைவு என்றும் எழுதினார்.

நான்காவது பத்திக்கு வந்தார்: ராஜா கேட்டாரா. அடுப்பங்கரையில் பட்டாணி வேகும் வாசனை வந்தது. பிறகு பென்சிலை நாக்கில் தொட்டுக்கொண்டு, மேல் வரிசையை ஒரு தடவை பார்த்துக்கொண்டு, ‘மேற்படி’ என்று எழுதினார்.